4173ஆம் இலக்க வளையம்

அனுமதிப்பத்திரம் புதிதாகக் கையில் கிடைத்த பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் வலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் விரிப்பது, காற்று அடித்தால் என்ன செய்வது, சிக்கிய பறவையின் காலை நோகாமல் எப்படி விடுவிப்பது என்றெல்லாம். அதைச் சொல்லித்தர என்னைவிடக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது பதிவுகளைப் பற்றி. அதிலும், இன்னொருவருடைய பதிவு உங்கள் கணினிக்குள் வந்து சேர்ந்த பிறகு அதை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றி. அதை நான் ஒரு சனிக்கிழமை பகல் முழுவதும் பொலிஸ் நிலைய மர வாங்கில் உட்கார்ந்து படித்தேன்.

யுத்த காலம். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அக்காவோடு இருந்தேன். முத்துராஜவெலச் சதுப்பில் பறவை பிடித்து, காலில் இலக்கம் பொறித்த அலுமினிய வளையம் பூட்டி, அளந்து, நிறுத்து, பறக்கவிடுவதற்கான அனுமதிப்பத்திரம் என் பெயரில் இருந்தது. அதே வேலையைத் தெற்கே அம்பாந்தோட்டை உப்பளங்களில் செய்ய இன்னொருவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அவர் இலங்கை மலாய்க்காரர், பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையில் யாழ்ப்பாணத்துப் பெடியங்களோடு ஒரே அறையில் இருந்து படித்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். அவரை நான் ‘சேர்’ என்பேன். அவர் என்னை ‘மிஸ்’ என்பார். நான்கு வருடத்தில் நாங்கள் நேரில் சந்தித்தது இரண்டே தடவை.

இருவரும் பதிவுகளைப் பகிர்ந்துகொள்வதற்குக் காரணம் எளிது. நான் வளையமிட்ட பறவை அவருடைய வலையில் விழும், அவருடையது என்னுடையதில் விழும். அவரவர் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பறவை எங்கே போய் வந்தது என்று இருவருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் இருவருக்கும் ஒரே மென்பொருளைத் தந்துவிட்டுப் போயிருந்தார். மாதம் ஒரு தடவை சேர் தன் பதிவுகளைப் பிளொப்பியில் தபாலில் அனுப்புவார். நான் என்னுடையதோடு சேர்த்து, சேர்ந்த பட்டியலைத் திருப்பி அனுப்புவேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அது யாருடைய அனுமதிப்பத்திரத்தின் கீழ் எடுத்த பதிவு என்ற குறி இருக்கும். அந்தக் குறி எதற்கு என்று நான் அப்போது பெரிதாக யோசித்ததில்லை.

அந்த மாதம் சேரின் பிளொப்பியைப் போட்டதும் மென்பொருள் நின்றுவிட்டது. ஒரே வளைய இலக்கம் இரண்டு தடவை ‘புதிது’ என்று பதியப்பட்டிருந்தது. ஒரே நாள் காலையில், இரண்டு மணித்தியால இடைவெளியில் இரண்டு பவளக்காலிகள், இரண்டின் காலிலும் 4172. பவளக்காலி என்பது சேற்றில் சிவந்த கால்களோடு நடக்கும் உள்ளான் வகைப் பறவை, உங்களுக்குத் தெரியும். ஒரு வளையம் இரண்டு காலில் இருக்க முடியாது. மேலும் கீழும் பார்த்தேன். 4171 இருந்தது, 4174 இருந்தது, 4173 இல்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது பறவை 4173. சேர் தட்டச்சில் பிழை விட்டுவிட்டார்.

அது வெள்ளிக்கிழமை பின்னேரம். ரெலிபோன் எடுத்தேன், அவருடைய லைன் எங்கேஜாக இருந்தது. நான் இரண்டாம் தடவை எடுத்துப் பார்க்கவில்லை. 2ஐ 3 ஆக்கினேன். மென்பொருள் சந்தோஷமாக மிச்ச வரிகளையெல்லாம் விழுங்கியது. திங்கட்கிழமை சேரிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

ஆய்வுகூடத்து அச்சு இயந்திரம் அந்த நாட்களில் பழுது. சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் ஒருவரின் கடைக்குப் போய் முழுப் பட்டியலையும் அச்சடித்தேன். ஓரத்தில் துளையுள்ள நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தபடி அந்த 4173 வரியைத் தேடி, திங்கட்கிழமை மறக்கக் கூடாது என்பதற்காகப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். அந்தக் கிழமை நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றோம். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்கு வழக்கமாக இரண்டு கேள்வி கூடுதலாக வரும், பதில் சொன்னால் விட்டுவிடுவார்கள். அன்று ஒரு பெண் கொன்ஸ்டபிள் என் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தவற்றை இப்போது நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. மூன்று பிளொப்பிகள். கம்பியில் கோத்த, இலக்கம் பொறித்த சின்ன உலோக வளையங்கள். ஒரு குறடு. பிறகு அந்தக் காகிதம். அதில் பக்கம் பக்கமாகத் திகதி, நேரம், இடத்தைக் காட்டும் அகலாங்கு நெட்டாங்கு, விளங்காத எழுத்துக் குறிகள், இலக்கங்கள். ஒரே ஓர் இலக்கத்தைச் சுற்றி வட்டம்.

பறவை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பொறுப்பதிகாரியிடம் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார்.

பொறுப்பதிகாரி ஐம்பது வயதுக்காரர், கத்தாதவர். அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டார். அது ஆய்வுகூடத்து இரும்பு அலுமாரியில். சனிக்கிழமை, பூட்டு. திறப்பு வைத்திருக்கும் பேராசிரியர் வெளிநாட்டில். இதையெல்லாம் சொல்லச் சொல்ல என் கதை எவ்வளவு வசதியான பொய்யைப்போல இருக்கிறது என்று எனக்கே பட்டது. வேறு யாருக்கு இது தெரியும் என்று கேட்டார். அப்போதுதான் வரிகளின் தொடக்கத்தில் இருந்த குறி கண்ணில் பட்டது. இந்தக் குறியுள்ள வரிகள் எல்லாம் அம்பாந்தோட்டையில் உள்ள ஒருவருடையவை, அவரிடம் மூலப்பிரதி இருக்கிறது, நீங்கள் எந்த வரியை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், நான் அவரோடு ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ரெலிபோனை எடுத்தார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன். அந்தக் கிழமையில், அந்தக் கதிரையில் இருந்த ஓர் அதிகாரிக்கு, ரெலிபோன் எடுக்காமல் விடுவதுதான் சுலபம்.

சேர் வீட்டில் இருந்தார். அதிகாரி தன்னை அறிமுகம் செய்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல், ஒரு திகதியையும் நேரத்தையும் வாசித்து, அன்று என்ன பிடித்தீர்கள் என்று கேட்டார். மறுமுனையில் காகிதம் புரட்டும் நேரம். பிறகு அதிகாரி தனக்குள் சொல்லிக்கொண்டே வரியோடு விரலை நகர்த்தினார். இலக்கம் சரி. செட்டை நீளம் சரி. நிறை சரி. இரண்டாவது வரி சரி. மூன்றாவது சரி. எனக்கு மூச்சு வரத் தொடங்கியது.

நான்காவதாக அவர் வட்டம் போட்ட வரிக்குப் போனார். யாராக இருந்தாலும் அதற்குத்தான் போயிருப்பார்கள். திகதி, காலை எட்டு நாற்பது, இலக்கம் என்ன என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் விரல் நின்றது. இன்னொரு தடவை கேட்டார். ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் 4172 என்கிறார், உங்கள் காகிதத்தில் 4173, வட்டமும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது, யார் சொல்வது சரி என்று கேட்டார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு மூன்று பதில் இருந்தது. அச்சுப் பிழை என்று சொல்லலாம். சேர் பிழையாக வாசிக்கிறார் என்று சொல்லலாம். இரண்டையும் அவர் நம்பியிருக்கக்கூடும். ஆனால் இரண்டாவதைச் சொன்னால், நூற்றைம்பது மைலுக்கு அப்பால் தன் வீட்டில் இருந்து எனக்காகக் காகிதம் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை நான் பொலிஸுக்கு முன்னால் பொய்யராக்குகிறேன். முதலாவதைச் சொன்னால், அடுத்த வரியில் இன்னொரு கேள்வி வந்தால் நானே எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. நான் அப்படியெல்லாம் நிதானமாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாயில் வந்தது உண்மைதான்.

நான் மாற்றினேன், அவருக்குத் தெரியாது, நேற்று அவரைக் கேட்காமல் மாற்றினேன் என்று சொன்னேன்.

நிலைமை உடனே மோசமானது. அப்படியென்றால் நீங்கள் இலக்கங்களை மாற்றுகிறவர் என்று அதிகாரி அமைதியாகச் சொன்னார். பெண் கொன்ஸ்டபிள் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றார். நான் சொன்னதை அதிகாரி அப்படியே ரெலிபோனில் சேருக்குச் சொன்னார். மறுமுனையில் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குக் கேட்கவில்லை. அதிகாரி ரெலிபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். சேர் உப்பளத்தில் நின்று குறிப்பெழுதும் கொப்பியை எடுத்துவரப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வந்து அவர் வாசித்ததை அதிகாரி எனக்குச் சிங்களத்தில் சொன்னார். ஆறு நாற்பதுக்கு 4172 பூட்டி விட்ட பவளக்காலி, எட்டு நாற்பதுக்கு மறுபடி அதே வலையில் வந்து விழுந்திருக்கிறது. கொப்பியில் ‘மீள்பிடி’ என்று எழுதியிருக்கிறது. கணினியில் ஏற்றும்போது சேர் தவறுதலாகப் ‘புதிது’ என்று போட்டுவிட்டார். 4173 அவருடைய கையிலிருந்து வழுக்கி உப்பளச் சேற்றில் விழுந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அதுவும் கொப்பியில் இருக்கிறது.

இரண்டு பறவையே இருக்கவில்லை. இருந்தது ஒன்று. மற்றதை நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் உண்டாக்கியிருந்தேன்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். முதல் தடவையாக அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. “மிஸ், நாங்கள் பகல் முழுக்க றோட்டில் நின்று தேடுவது இதைத்தான். இல்லாத ஆளுக்கு ஓர் அடையாள அட்டை” என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததா வெட்கத்தில் வந்ததா என்று அப்போது தெரியவில்லை. வெட்கம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆனாலும் அவரால் என்னை விட முடியவில்லை. ஒரு ரெலிபோன் குரலை நம்பி விட்டேன் என்று அவர் மேலதிகாரிகளுக்கு எழுத முடியாது. அனுமதிப்பத்திரத்தோடு யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் திங்கள்வரை நான் இங்கேதான் என்று சொன்னார். அதைச் சேரிடமும் சொன்னார். வரச் சொல்லிக் கேட்கவில்லை, நிலைமையைத்தான் சொன்னார். ரெலிபோனை வைத்த பிறகு, அந்த ஆள் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுவிட்டார் என்றார்.

அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு ஆறு மணித்தியாலம். அந்த ஆறு மணித்தியாலமும் நான் வாங்கில் இருந்தேன். அக்காவுக்குச் செய்தி போய், அவ சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்தில் இருந்தா. பெண் கொன்ஸ்டபிள் எங்கள் வாங்கை மின்விசிறிப் பக்கம் இழுத்துவிட்டு, பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்த வளையத்தைப் பறவைக்கு நோகாமல் எப்படிப் பூட்டுவது என்று கேட்டார். பையைத் திறக்க அதிகாரி தலையசைத்தார். ஒரு வளையத்தை எடுத்து, மேசையில் கிடந்த பென்சிலில் குறடால் பூட்டிக் காட்டினேன். முதல் வளையம் கோணலாகப் போய்விட்டது. இரண்டாவது சரியாக வந்தது. அவர் பென்சிலை உருட்டி, வளையம் தடையில்லாமல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாய்ப் போன வளையத்தின் இலக்கத்தை நான் உடனே என் கொப்பியில் ‘பழுது’ என்று குறித்தேன். அதையும் அவர் பார்த்தார்.

எனக்கு மனதுக்குள் இருந்த பயம் திங்கட்கிழமையைப் பற்றியது அல்ல. பதிவுகளைப் பகிரத் தொடங்கியபோது நாங்கள் எழுதிக்கொண்ட உடன்பாட்டில் ஒரு விதி இருந்தது. மற்றவருடைய பதிவை அவருடைய சம்மதமில்லாமல் தொட்டால், அவர் எப்போது வேண்டுமானாலும் தன் பதிவுகள் எல்லாவற்றையும் மீளப் பெறலாம். சேர் வந்து என்னை வெளியே எடுத்துவிட்டு, அதைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் நான் கொடுக்க வேண்டியதுதான். நான்கு வருடத்து வேலை பாதியாகிவிடும். அதைவிட, அவர் கேட்பது நியாயமாக இருக்கும்.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பியும், அனுமதிப்பத்திரமும், எங்கள் உடன்பாட்டுக் கடிதமும் கொண்டுவந்திருந்தார். அதிகாரி கொப்பியைப் புரட்டி, அந்தப் பக்கத்தை அச்சுக் காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். பிறகு, இந்த மிஸ்ஸை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டார்.

சேர் உண்மையைச் சொன்னார். நேரில் பார்த்தது இரண்டு தடவை. குடும்பத்தைத் தெரியாது. ஆனால் நான்கு வருடமாக மாதம் ஒரு தடவை அவ எழுதுவதை வாசிக்கிறேன், என் பதிவில் பிழை கண்டால் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறா, கேட்காமல் விட்டது இந்த ஒரு தடவைதான், அதையும் நீங்கள் கேட்டவுடன் சொல்லிவிட்டா. அவ்வளவுதான் சொன்னார். பிறகு தன் பெயர், பாடசாலை, வீட்டு முகவரி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பொலிஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது ஓர் அரசாங்க ஆசிரியருக்கு என்னென்ன கொண்டுவரக்கூடும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பேனையைத் தயக்கமில்லாமல் பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் அக்கா அவரை விடவில்லை. “சேர், வீட்டை வந்து சாப்பிட்டிட்டுத்தான் பஸ் ஏறோணும். இல்லையெண்டா நான் இந்த றோட்டிலயே நிப்பன்” என்றா. வெள்ளவத்தைக்கு வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. அவர் கை கழுவிவிட்டு வந்து இருந்ததும் மன்னிப்புக் கேட்டேன். மீளப் பெற விரும்பினால் திங்களே எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

அவர் கொப்பியை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“புதிது எண்டு போட்டது என்ர பிழை, மிஸ். நான் பிழை விட்டன், மெஷின் கண்டுபிடிச்சு நிண்டுது. அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்தது. நீங்கள் அதை ஓட வைச்சிட்டீங்கள்.”

அவ்வளவுதான் கண்டிப்பு. பிறகு ஆறு நாற்பதுக்கும் எட்டு நாற்பதுக்கும் எடுத்த நிறைகளைக் காட்டினார். இரண்டு மணித்தியாலத்தில் பறவை கொஞ்சம் மெலிந்திருந்தது. வலையில் இரண்டு தடவை விழுந்த பறவை அந்தக் காலைப்பொழுதில் எவ்வளவு இழந்தது என்பது அந்த இரண்டு வரிகளில் இருந்தது. நான் அதை இரண்டு பறவைகளாகப் பிரித்தபோது அந்தச் செய்தியையும் அழித்திருந்தேன். அன்றிலிருந்து அவர் தன் வலைகளை அடிக்கடி இடம் மாற்றத் தொடங்கினார், நானும்தான்.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். மீளப் பெறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிளொப்பி என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே பதினொரு கொப்பிகள். எங்கள் உடன்பாட்டுக்கு முன்பு, தன் இளவயதில் இருந்து அவர் எடுத்த பதிவுகள், எல்லாம் கையெழுத்தில். அவை இருப்பதாக அவர் எனக்குச் சொன்னதே இல்லை. யாருக்கும் கொடுத்ததும் இல்லை என்று பிறகு அறிந்தேன். மேலே ஒரு துண்டில், இவற்றையும் கணினியில் ஏற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூலப்பிரதி இது ஒன்றுதான், கவனம் என்று எழுதியிருந்தார். ரெலிபோன் எடுத்து, இந்தப் பிழைக்குப் பிறகும் ஏன் சேர் என்று கேட்டேன்.

“பிழை விடாத ஆளை நான் இன்னும் காணேல்ல, மிஸ். பொலிஸில வைச்சுக் கேக்கேக்கையும் பிழையைச் சொன்ன ஆளைக் கண்டிட்டன். இனி ஏன் பூட்டி வைக்கோணும்?”

அந்தப் பதினொரு கொப்பிகளையும் கணினியில் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இன்று நீங்கள் அம்பாந்தோட்டைப் பவளக்காலிகளைப் பற்றித் தேடினால் முதலில் வரும் வரிகள் அவைதான். எழுத்து மங்கியோ, இலக்கங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டோ, மென்பொருள் முப்பத்தெட்டு இடத்தில் நின்றது. முப்பத்தெட்டுத் தடவையும் நான் சேருக்கு ரெலிபோன் எடுத்தேன். லைன் எங்கேஜாக இருந்தால், காத்திருந்து மறுபடி எடுத்தேன்.